நீரைச் சேமிக்கும் ஒளிச்சேர்க்கையும் காவிரி டெல்டாவின் பயிர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்பட்டால் டெல்டாவில் குறுவைக்கு நாற்று விடலாம். திறப்பு தள்ளிப்போனால் குறுவை கைவிட்டுப் போகும், சம்பாவும் பின்தங்கும். 2016ஆம் ஆண்டு அணை செப்டம்பர் 20 அன்றுதான் திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து வடகிழக்குப் பருவமழையும் இயல்பைவிட 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துபோக, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்த மாநிலமாக அறிவிக்கப்பட்டது. கருகிய சம்பா வயலைப் பார்த்தவர்களுக்கு, அதே வயலின் வேலியில் பிரண்டை பச்சையாக நின்றதும் கண்ணில் பட்டிருக்கும். அந்தப் பிரண்டையிடம் உள்ள திறன் என்ன, அதைப் பயிருக்குக் கொண்டுவர முடியுமா என்று உழவர்களும் வேளாண் மாணவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

நீரைச் சேமிக்கும் ஒளிச்சேர்க்கை என்று எதைச் சொல்கிறீர்கள்?

பாடநூல்களில் ‘கிராசுலேசிய அமில வளர்சிதை மாற்றம்’ என்று வரும் முறையைத்தான். சுருக்கமாக அதைக் ‘கேம்’ என்பார்கள். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்ளே எடுக்கின்றன. அந்தத் துளை வழியாகவே இலையின் ஈரமும் ஆவியாகி வெளியேறுகிறது. வேர் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும்பகுதி இப்படியே காற்றில் கலந்துவிடுகிறது. செடியின் உடலாக மாறுவது மிகச் சொற்பம்.

கேம் செடிகள் இந்த வேலையின் நேரத்தை மாற்றிக்கொண்டன. வெயில் தணிந்து காற்றில் ஈரம் ஏறிய பிறகு, இரவில் துளைகளைத் திறக்கின்றன. உள்ளே வரும் கார்பனை பெப் கார்பாக்ஸிலேஸ் என்னும் நொதி பிடித்துக்கொள்கிறது. அது மாலிக் அமிலமாக மாறி, செல்லின் நடுவே இருக்கும் வாக்குவோல் என்னும் நீர்ப்பையில் விடியும்வரை சேர்கிறது. பொழுது விடிந்ததும் துளைகள் மூடிக்கொள்கின்றன. பிறகு அமிலம் பையிலிருந்து வெளியே வந்து உடைந்து கார்பன் டை ஆக்சைடை விடுவிக்க, மூடிய இலைக்குள்ளேயே சூரிய ஒளியின் துணையோடு சர்க்கரை தயாராகிறது. இரவில் கொள்முதல், பகலில் அரவை என்று நெல்லுக்குச் சொல்வதைப் போல இதைப் புரிந்துகொள்ளலாம்.

நெல் இதில் எந்த வகை?

நெல் ‘சி3’ வகை. உளுந்து, பயறு, பருத்தி, தென்னை, வாழை எல்லாம் அதே வகைதான். இவற்றில் கார்பனைப் பிடிக்கும் முதல் நொதி ரூபிஸ்கோ. அதற்கு ஒரு குறை உண்டு. கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக அவ்வப்போது ஆக்சிஜனைப் பிடித்துவிடுகிறது. அந்தத் தவறைச் சரிசெய்யச் செடி ஏற்கெனவே சேர்த்த கார்பனில் ஒரு பகுதியைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. ஒளிச்சுவாசம் எனப்படும் இந்த இழப்பு வெப்பம் கூடக்கூடக் கூடுகிறது.

மூன்றாவது வகை ‘சி4’. கரும்பு, மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவை இதில் சேரும். அவை கேம் செடிகளைப் போலவே முதலில் அமிலமாகப் பிடிக்கின்றன. ஆனால் இரவு, பகல் என்று நேரத்தைப் பிரிக்காமல், இலையின் இரண்டு வகைச் செல்களுக்கிடையே வேலையைப் பிரித்துக்கொள்கின்றன. வரப்பில் மண்டும் அருகம்புல்லும், வயலில் எவ்வளவு பறித்தாலும் கிழங்கிலிருந்து மீண்டும் முளைக்கும் கோரையும், நெல்லோடு நெல்லாக நின்று கதிர் தள்ளும்போதுதான் தெரியவரும் குதிரைவாலிக் களையும் சி4 செடிகள். குறுவை வெயிலில் அவை நெல்லை முந்துவதற்கு இதுவும் ஒரு முக்கியமான காரணம்.

உண்மையில் எவ்வளவு நீர் மிச்சமாகும்?

ஒரு கிராம் கார்பன் டை ஆக்சைடை உள்ளே எடுக்க ஒரு சி3 செடி ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் நீரை இழக்கிறது. சி4 செடிக்கு இது 250 முதல் 300. கேம் செடிக்கு 50 முதல் 100. தாவர உடலியல் நூல்கள் பொதுவாகத் தரும் அளவுகள் இவை. செடிக்கும் சூழலுக்கும் ஏற்ப மாறும்.

இவ்வளவு வேறுபாட்டுக்குக் காரணம் காற்றின் வறட்சிதான். டெல்டாவின் பிப்ரவரி நாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பகலில் 31 டிகிரி வெப்பமும் 55 விழுக்காடு ஈரப்பதமும், பின்னிரவில் 22 டிகிரியும் 90 விழுக்காடும் இருப்பதாகக் கொண்டால், காற்று இலையிலிருந்து நீரை இழுக்கும் விசை பகலில் ஏறத்தாழ 2 கிலோபாஸ்கலும் (கிலோபாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு) இரவில் அதில் எட்டில் ஒரு பங்கை ஒட்டியும் வரும். அதே துளை, அதே அளவு திறப்பு. ஆனால் இழப்பு ஏழு மடங்குக்கும் மேல் குறைவு. அதிகாலையில் வரப்புப் புல் நனைந்து கிடக்கும் மாதத்தில் இலைத்துளையைத் திறந்துவைப்பதால் செடிக்கு நீர்ச்செலவே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

நம் ஊரில் கேம் செடிகள் எவை?

பிரண்டை, சோற்றுக்கற்றாழை, சப்பாத்திக்கள்ளி, ஆனைக்கற்றாழை, அன்னாசி, அண்மைக்காலமாகத் தோட்டங்களில் ஏறிவரும் டிராகன் பழம் ஆகியவை. திருகுக்கள்ளி சற்று வேறு மாதிரி. அதன் பச்சைத் தண்டு கேம் முறையிலும், சீக்கிரம் உதிர்ந்துவிடும் சிறு இலைகள் சி3 முறையிலும் இயங்குகின்றன. இலையைக் கட்டித் தொங்கவிட்டாலும் ஓரத்தில் குட்டிச்செடி முளைப்பதால் ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்று பிள்ளைகள் சொல்லும் ரணகள்ளியும் கேம் செடிதான். அது கிராசுலேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. இம்முறைக்குப் பெயர் வந்ததும் அந்தக் குடும்பத்தால்தான்.

வறண்ட நிலத்துக்கு மட்டும் உரியது என்றும் கேமை நினைக்கக் கூடாது. ஐசோயிட்டஸ் என்னும் நீர்வாழ் செடியிலும் அது இருக்கிறது. பகலில் குட்டை நீரில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடை மற்றச் செடிகள் எடுத்துத் தீர்த்துவிடுவதால், அது இரவில் எடுத்து வைத்துக்கொள்கிறது. நீரைக் கடத்தும் குழாய்த் திசு உள்ள (வாஸ்குலார்) தாவர இனங்களில் ஏறத்தாழ 6 விழுக்காடு கேம் முறையைக் கையாள்வதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதை முதலில் கவனித்தவர் யார்?

இந்தக் கேள்விக்கான விடை டெல்டாவின் கடற்கரையைத் தொட்டுச் செல்கிறது. பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மானியர் மொராவியன் என்னும் கிறித்தவச் சபையைச் சேர்ந்தவராகத் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளரானவர். ரணகள்ளியின் இலை காலையில் நன்றாகப் புளிப்பதையும், நண்பகலில் சுவையற்றுப் போவதையும், மாலையில் லேசாகக் கசப்பதையும் அவர் நாவால் அறிந்து லண்டனுக்குக் கடிதமாக எழுதினார். அங்குள்ள இயற்கை அறிவியலாளர் அமைப்பான லின்னேயன் சங்கம் அதை 1815இல் அச்சிட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1804இல், சுவிட்சர்லாந்தின் டி சோசூர் கள்ளிச்செடி வாயுவை எடுக்கும் விதம் மற்றச் செடிகளிலிருந்து மாறுபடுவதைப் பதிவு செய்திருந்தார். இரண்டையும் இணைத்து, நடப்பது என்ன என்று நொதி அளவில் விளங்கிக்கொள்ள இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பள்ளியில் இதைச் செய்து பார்ப்பது எளிது. ஆனால் ரணகள்ளி இலையை வாயில் வைக்க வேண்டாம். அதில் கால்நடைகளின் இதயத்தைப் பாதிக்கும் நச்சுப் பொருள்கள் உள்ளன. விடியும் முன்பு ஒரு இலையையும், மாலை நான்கு மணி அளவில் அதே செடியின் அதே வயதுடைய இன்னொரு இலையையும் பறித்து, ஒவ்வொன்றையும் பறித்த உடனே ஒரே அளவு காய்ச்சி வடித்த நீரில் நசுக்கி, வடிகட்டி, பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள். விடியற்காலைச் சாற்றில் தாள் சிவப்பை நோக்கிப் போகும். மாலைச் சாற்றில் அந்த அளவுக்குப் போகாது. பூவரசு இலையை வைத்து அதே சோதனையைச் செய்தால் இந்த ஏற்ற இறக்கம் தெரியாது. முந்தைய நாள் நல்ல வெயில் இருந்ததா என்பதையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேகமூட்டமான நாளுக்குப் பிறகு வேறுபாடு குறையலாம்.

கற்றாழை இரவில் ஆக்சிஜன் தருவதால் படுக்கையறையில் வைக்கலாம் என்கிறார்களே?

தவறு. அது இரவில் கார்பன் டை ஆக்சைடை எடுக்கிறது என்பது மட்டுமே உண்மை. ஒளி இருந்தால்தான் நீர் மூலக்கூறு பிளந்து ஆக்சிஜன் வெளிவரும். இருட்டில் எந்தச் செடியும் ஆக்சிஜன் தராது.

தேவைப்படும்போது மட்டும் கேம் முறைக்கு மாறும் செடிகள் உண்டா?

உண்டு. பயிர் மேம்பாட்டுக்கு மிகுந்த நம்பிக்கை தருபவையும் அவைதான். தென்னாப்பிரிக்கக் கடற்கரையில் வளரும் பனிச்செடி நீர் உள்ளவரை சி3 செடியாக வேகமாக வளர்கிறது. மண் காய்ந்தாலோ உப்பு ஏறினாலோ கேமுக்கு மாறுகிறது.

இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு நாம் பருப்போடு கடைந்து உண்ணும் பருப்புக்கீரை. அது சி4 செடி. வறட்சியில் கேமையும் சேர்த்துக்கொள்கிறது. இரண்டும் ஒரே இலையில் தனித்தனி இடத்தில் நடக்கின்றனவா, ஒரே செல்லில் நடக்கின்றனவா என்பது நெடுநாள் ஐயமாக இருந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டும் ஒரே செல்களில் பின்னிப் பிணைந்து நடக்கின்றன என்று காட்டியது. வேகமான வளர்ச்சிக்கு உரிய சி4 முறையையும் தாக்குப்பிடிக்க உதவும் கேம் முறையையும் ஒரே இலைக்குள் வைத்திருக்கும் இந்தக் கீரை, பயிர் விஞ்ஞானிகளுக்குப் பல நூல்களைவிட அதிகம் கற்றுத்தரக்கூடியது என்பது என் கருத்து. நம் கொல்லையில் களையென்று பிடுங்கிப் போடப்படுவதும் அதுவே.

நெல்லைக் கேம் செடியாக மாற்ற முடியுமா?

இந்தக் கேள்வியே அதிகம் வருகிறது. அதனால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

சாதகமான செய்தி முதலில். கேமுக்குத் தேவையான நொதிகள் எதுவும் நெல்லுக்குப் புதியவை அல்ல. பெப் கார்பாக்ஸிலேஸ் நெல்லிலும் உண்டு; இலைத்துளையைக் காக்கும் செல்களில் மாலிக் அமிலம் நாள்தோறும் உருவாகிக் கரைகிறது. கேம் செடிகள் புதிய கருவிகளைப் படைக்கவில்லை. இருந்த கருவிகள் எந்நேரம், எவ்வளவு இயங்க வேண்டும் என்பதை மாற்றிக்கொண்டன. 2015இல் அன்னாசியின் மரபணுத் தொகுப்பு வெளியானபோது, கேம் தொடர்பான மரபணுக்கள் செடியின் உள்கடிகாரத்தோடு இணைக்கப்பட்டிருப்பது தெரியவந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 35க்கும் மேற்பட்ட குடும்பங்களில் கேம் தனித்தனியே தோன்றியதற்கும் இதுவே விளக்கம்.

தடைகள் மூன்று. முதலாவது, இடம். ஓர் இரவு முழுவதும் சேரும் அமிலத்தை வைக்கப் பெரிய வாக்குவோல் வேண்டும். அதனால்தான் கேம் இலைகள் தடித்துச் சதைப்பற்றோடு இருக்கின்றன. நெல் இலை மெல்லியது. அதன் உட்செல்கள் சிறியவை. அவற்றின் ஓரத்தை ஏறத்தாழ முழுவதுமாகப் பசுங்கணிகங்களே அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஆக, நொதியை மாற்றுவதோடு வேலை முடியாது. இலையின் உடற்கூற்றையே மாற்ற வேண்டும்.

இரண்டாவது, நேரம். இரவில் துளை திறப்பதும் பகலில் மூடுவதும் நெல்லின் பழக்கத்துக்கு நேர்மாறானவை. நொதிகள் மட்டும் மாறி, துளைகள் பழைய வழக்கப்படி பகலில் திறந்தால் நீர் மிச்சமாகாது. இரவில் அமிலத்தைச் சேர்க்கும் நொதியும் பகலில் உடைக்கும் நொதியும் ஒரே நேரத்தில் இயங்கினால், சேர்த்ததை உடனுக்குடன் உடைத்து ஆற்றலை வீணாக்கும் சுழற்சியில் செடி சிக்கிக்கொள்ளும்.

மூன்றாவது தடையை ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களைவிட வயலில் இருப்பவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். நெல்லின் நீர்ச்செலவில் இலை வழியாகப் போவது ஒரு பகுதி மட்டுமே. ஒரு கிலோ நெல்லுக்குச் சராசரியாக 2,500 லிட்டர் நீர் வயலுக்குத் தரப்படுவதாகவும், அதில் இலை வழியும் வயற்பரப்பு வழியும் ஆவியாவது 1,400 லிட்டர் அளவுதான் என்றும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் கூறுகிறது. மீதி மண்ணுக்குள் இறங்கியும் வரப்பில் கசிந்தும் போகிறது. ஆற்று வண்டல் படிந்த பழைய டெல்டாவின் களிமண்ணில் இந்தக் கசிவு குறைவு. கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மணற்பாங்கான நிலத்தில் மிக அதிகம். நாளையே கேம் நெல் வந்தாலும், அதை நீர் கட்டித்தான் நடுவோம் என்றால் பாதிச் செலவு அப்படியே இருக்கும்.

ஆராய்ச்சி எந்த நிலையில் இருக்கிறது?

அமெரிக்க எரிசக்தித் துறை 2012இல் தொடங்கி நிதியளித்த திட்டம் ஒன்றில் நெவாடா பல்கலைக்கழகத்தின் ஜான் குஷ்மன், ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தின் சியாவ்ஹான் யாங், பிரிட்டனின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்ட்வெல் உள்ளிட்டோர் கேமின் பாகங்களைப் பிரித்தறியும் பணியில் ஈடுபட்டனர். திராட்சையிலிருந்து எடுத்த ஒரு மரபணுவைக் கொண்டு, அராபிடாப்சிஸ் என்னும் சிறு ஆய்வுச் செடியின் இலைகளைத் தடிக்கச் செய்து, அது வறட்சியையும் உப்பையும் கூடுதலாகத் தாங்குவதைக் குஷ்மனின் குழு காட்டியது. மேற்சொன்ன ‘இடம்’ என்ற தடையைத் தாண்ட முடியும் என்பதற்கு இது சான்று.

2020இல் நாடீன் டோப்ஃபர், லீ ஸ்வீட்லவ் ஆகியோர் இலையின் வேதிச் செயல்களைக் கணினியில் மாதிரியாக அமைத்து, முழுக் கேம் முறை மட்டுமே தீர்வல்ல, வெப்பமும் ஈரப்பதமும் எப்படி இருக்கின்றன என்பதைப் பொறுத்து வேறு இடைநிலை வழிகளும் நீரை மிச்சப்படுத்தக்கூடும் என்று கண்டனர். ஒவ்வொரு ஊரின் காற்றுக்கும் ஏற்ற கேம் வேறு வேறாக இருக்கலாம் என்ற இந்தக் கருத்து, ஈரக்காற்று வீசும் நம் கடலோர டெல்டாவுக்கு மிகவும் பொருந்துகிறது.

கால அளவைப் புரிந்துகொள்ள ஓர் ஒப்பீடு போதும். நெல்லைச் சி4 ஆக மாற்றும் சர்வதேசத் திட்டம் 2008 முதல் நடந்துவருகிறது. ஒவ்வொரு படியிலும் முன்னேற்றம் உண்டு. ஆனால் வயலுக்கு ஏற்ற சி4 நெல் இன்னும் வரவில்லை. கேம் அதைவிட எளிது என்று நினைக்கக் காரணம் எதுவும் இல்லை.

டெல்டாவின் சிக்கல் வறட்சி மட்டும் அல்லவே? வெள்ளமும் வருகிறதே?

சரியான கேள்வி. செப்டம்பரில் கடைமடைக்கு நீர் வரவில்லை என்று மறியல் நடக்கும். நவம்பரில் அதே திருத்துறைப்பூண்டி, கீழ்வேளூர்ப் பகுதிகளில் நட்ட சம்பா நீரில் மூழ்கிக் கிடக்கும். இரண்டு வாரம்வரை மூழ்கினாலும் பிழைக்கும் சப்1 மரபணு சேர்க்கப்பட்ட சிஆர் 1009 நெல் ரகம் இங்கே தேவைப்படுவது அதனால்தான். நிலத்துக் கேம் செடிகளில் பெரும்பாலானவை வேரில் நீர் தேங்கினால் அழுகிவிடும். ‘வறட்சியைத் தாங்கும்’ என்ற ஒரே தகுதியோடு வரும் எந்த நெல்லும் இந்த மண்ணில் ஐப்பசி, கார்த்திகையைத் தாண்டாது.

அப்படியானால் கேம் நம் டெல்டாவுக்குப் பயன்படாதா?

பயன்படும், ஆனால் நெல்லில் அல்ல, நெல்லுக்குப் பின் வரும் உளுந்தில்.

சம்பா அல்லது தாளடி அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன், வயல் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் பயிருக்கு நடுவே உளுந்தையோ பச்சைப்பயறையோ தெளித்துவிடுவது இந்த ஊரின் தொன்றுதொட்ட வழக்கம். உழவு இல்லை, பாசனம் இல்லை. மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் தை, மாசிப் பனியையும் நம்பியே பயிர் 65, 70 நாளில் முடிய வேண்டும். தொடக்கத்தில் ஈரம் போதுமானதாக இருக்கும். பூ வைத்துக் காய் பிடிக்கும் நேரத்தில் வண்டல் மண் பாளம் பாளமாக வெடித்து, வேர் இறங்கிய ஆழத்திலும் ஈரம் வற்றிவிடும். அடிச்செடியின் இலைகள் பழுத்து உதிர்ந்து, நுனிக் காய்கள் பொக்காகும். பயறு வகைகளில் நாம் இழக்கும் விளைச்சலில் பெரும்பகுதி இந்தக் கடைசி மூன்று வாரங்களில் போய்விடுகிறது.

கேம் செய்யக்கூடிய உதவி அந்தக் கடைசி மூன்று வாரத்துக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது. வயலில் நீர் கட்டுவதில்லை. எனவே இலை வழி இழப்பைக் குறைத்தால் மண்ணின் ஈரம் நேரடியாகவே மிஞ்சும். வெள்ள அபாயம் அநேகமாகக் கடந்துவிட்டது. இரவுகள் ஓரளவு குளிர்ந்து, காற்று பனியால் நிறைந்திருக்கிறது. கேம் செயல்பட இதைவிட நல்ல சூழல் டெல்டாவின் ஆண்டு முழுவதிலும் கிடையாது. பருப்புக்கீரையைப் போல, ஈரம் உள்ளவரை வழக்கமான முறையில் வளர்ந்து, மண் காய்ந்த பிறகே இரவு முறைக்கு மாறும் இயல்பு உளுந்துக்குக் கிடைத்தால், ஒரு வாரம் கூடுதலாக இலை பச்சையாக நின்றாலும் காய் நிறையும். உளுந்து இலை நெல் இலையைப் போல நீண்டு மெலிந்தது அல்ல. அதைத் தடிக்கச் செய்வது ஒப்பளவில் எளிதாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

இது என் மதிப்பீடு. உளுந்தில் யாரும் கேமை உருவாக்கிக் காட்டிவிடவில்லை. ஆனால் உலகின் ஆய்வு முயற்சியும் நிதியும் நெல், பாப்ளர் மரம் போன்றவற்றின் பக்கமே சாய்கின்றன. எங்கோ ஒரு நாட்டின் ஆய்வகம் தஞ்சைத் தரிசு உளுந்தைப் பற்றி நினைக்கப் போவதில்லை. 1922 முதல் நெல்லுக்காக இயங்கிவரும் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம்தான் நெல் தரிசுக்கு ஏற்ற ஏடிடீ 3 உளுந்தையும் தந்தது. அத்தகைய நம் நிறுவனங்களே இந்தக் கேள்வியைக் கையில் எடுக்க வேண்டும் என்று உளமார விரும்புகிறேன்.

கேம் வந்தால் விளைச்சல் குறையாதா?

வறட்சி கடுமையாகும்போது சில கேம் செடிகள் இரவிலும் துளைகளைத் திறப்பதில்லை. சுவாசத்தில் வெளிவரும் கார்பனையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தி உயிரை மட்டும் காத்துக்கொள்கின்றன. அந்த நிலையில் விளைச்சலை எதிர்பார்க்க முடியாது. ஆனால் கேம் என்றாலே மந்தம் என்பதும் சரியல்ல. நல்ல பராமரிப்பில் சப்பாத்திக்கள்ளியும் சில ஆனைக்கற்றாழை இனங்களும் ஆண்டுக்கு எக்டேருக்கு 40 டன் அளவுக்கு உலர் எடை தந்ததாகப் பதிவுகள் உள்ளன.

அப்படியென்றால் கற்றாழை, கள்ளி போன்றவற்றையே நட்டுவிடலாமே?

மேட்டு நிலத்தில், நீர் ஏறாத மணல் திடல்களில், வாங்குபவர் யார் என்று உறுதிசெய்துகொண்ட பிறகு செய்யலாம். டிராகன் பழமும் முள்ளில்லாத தீவனக் கள்ளியும் அத்தகைய இடத்துக்கு ஏற்றவை. வடிகால் இல்லாத நஞ்சை நிலத்தில் அவற்றை வைத்தால் முதல் அடைமழையிலேயே அழுகும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. வெளியிலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளி ஒரு காலத்தில் தென்னிந்தியாவின் மேய்ச்சல் நிலங்களை வளைத்துக்கொண்டது. 1926இல் இலங்கை வழியாகக் கொண்டுவரப்பட்ட கள்ளிப்பூச்சிதான் அதை அடக்கியது. நீரில்லாமல் வாழும் செடி நம் கட்டுப்பாடு இல்லாமலும் வாழும்.

அதுவரை நெல்லில் நீரைக் குறைக்க என்ன வழி?

‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று நாம் சொல்லிவரும் முறையே இப்போது கைவசம் உள்ள நல்ல வழி. பக்கங்களில் துளையிட்ட 30 சென்டிமீட்டர் நீளக் குழாயை, பாதி மண்ணுக்குள் இருக்குமாறு வயலில் புதைத்து, உள்ளே உள்ள மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் நீர்மட்டம் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பிறகு, 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் கட்டினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. இதனால் பாசன நீரில் 30 விழுக்காடுவரை மிச்சப்படுத்த முடிகிறது. ஆனால் முறைப்பாசனத்தில் இருக்கும் கடைமடை உழவர், வாய்க்காலில் நீர் வரும் நாளில் வாங்கவில்லை என்றால் அடுத்த முறை எப்போது என்று தெரியாமல் வயலை நிரப்பிக்கொள்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. நீர் வரும் நாள் உறுதியானால்தான் இந்த முறை கடைமடையில் நிலைக்கும்.

மரபணு மாற்றம் இல்லாமல் இது நடக்குமா? சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியா 2022இல், வேற்று உயிரின் மரபணுவைச் செருகாமல் செடியின் சொந்த மரபணுவில் மட்டும் சிறு திருத்தம் செய்யும் வகைகளுக்கு, மரபணு மாற்றப் பயிர்களுக்குரிய கடுமையான விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. அவ்வாறு உருவான இரண்டு நெல் வகைகள் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டன. அவற்றில் ஒன்றான பூசா டிஎஸ்டி ரைஸ் 1, வறட்சி, உப்பு ஆகியவற்றுக்குச் செடி காட்டும் எதிர்வினையோடும் இலைத்துளைகளோடும் தொடர்புடைய ஒரு மரபணுவைத் திருத்தி உருவாக்கப்பட்டது. துளைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது கேமைவிட மிகச் சிறிய மாற்றம். ஆகவே விரைவில் வயலுக்கு வரக்கூடியதும் அதுதான். கேமுக்கு ஒன்றிரண்டு திருத்தம் போதாது. பல மரபணுக்களை வேறு செடியிலிருந்து கொண்டுவர நேர்ந்தால் அது மரபணு மாற்றப் பயிராகவே கருதப்பட்டு, முழுச் சோதனைகளுக்கும் உட்பட வேண்டும்.

‘கேம் நெல்’, ‘கள்ளி மரபணு நெல்’ என்று யாராவது விதை விற்றால் வாங்கலாமா?

வாங்க வேண்டாம். அப்படி ஒரு விதை உலகில் எங்குமே விற்பனைக்கு இல்லை. எந்த ரகமானாலும் மூட்டையில் விதைச் சான்று அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை. அட்டையில் ரகத்தின் பெயர், குவியல் எண், காலாவதி நாள் ஆகியவை இருக்க வேண்டும். ரசீதையும் அட்டையையும் அறுவடை முடியும்வரை எடுத்து வையுங்கள். முளைப்பில் குறை இருந்தால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் புகார் கொடுக்க அவை இரண்டும் தேவைப்படும்.